குவளை தெரிந்ததும் இறங்கிய கோடு

1

இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏதோ போர்க்களத்தைப் பார்த்துவிட்டு எழுதுவதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். போர்க்களத்தை நான் பார்த்ததில்லை. நான் பார்ப்பது படம் பார்க்கிறவர்களை.

லாஸ் வேகாஸில் என் வேலையே அதுதான். இன்னும் வெளிவராத படங்களை, ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துக் காட்டுவோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் கருவியைக் கொடுப்போம். அதில் ஒரு குமிழ். பிடித்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். முழுக்கத் திருப்பினால் அதற்கு மேல் போகாமல் ‘டக்’ என்று நிற்கும். அரங்கின் பின்னால் என் அறையில் ஒரு திரை உண்டு. அதில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு கோடு, படத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஏறினால் மகிழ்ச்சி, இறங்கினால் வெறுப்பு, நேராகப் போனால் பெரும்பாலும் தூக்கம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. யாரும் உடனே திருப்ப மாட்டார்கள். கண் பார்த்து, மனம் முடிவுசெய்து, விரல் நகர்வதற்குள் ஒரு மூச்சு விடும் நேரம் போய்விடும். எல்லாருக்கும் ஏறக்குறைய அதே தாமதம்தான். அதனால் கோடுகளைச் சற்றுப் பின்னால் தள்ளிவைத்துப் படிப்போம்.

அன்றைக்குக் காட்டிய படம், இங்கே நெவாடாவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி உலகத்தின் மறுபக்கத்தில் ஆளில்லா விமானம் ஓட்டிக் குண்டு போடுகிற ஒருவனைப் பற்றியது. [பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. சொன்னாலும் பயனில்லை, பிறகு மாற்றிவிட்டார்கள்.] பரபரப்பான படம். அதில் ஒரு சாதாரணக் காட்சி. வேலை முடிந்து வந்த நாயகன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். மனைவி ஆவி பறக்கும் காப்பிக் குவளையோடு வெளியே வருகிறாள். நடந்து வந்து கார்க் கதவைத் திறக்கிறாள். அவன் அவள் தோளில் சாய்ந்து அழுகிறான்.

அன்று வந்தவர்களில் பாதிப் பேர் நகரத்து ஆட்கள், பாதிப் பேர் அந்த விமானங்களை ஓட்டும் பக்கத்துத் தளத்தின் குடும்பங்கள். நகரத்து ஆட்களின் கோடுகள் ஏறின. விமானத் தளத்துக் குடும்பங்களின் கோடுகள், அவள் கதவைத் திறந்த இடத்தில், கையால் தட்டிவிட்டதைப் போல ஒன்றாக விழுந்தன. இது முதல் புதிர்.

இரண்டாவது புதிர் அதைவிடச் சின்னது. ஓர இருக்கை ஒன்றின் கோடு மட்டும் மற்றவற்றுக்கு முன்பே அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அப்போது அவள் கதவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. திரையில் வீட்டு வாசல், ஒரு கை, அதில் குவளை. அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு மட்டும் என்ன அவசரம்?

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“ஏவுகணை கிளம்பியபோது கார்வின் ஹாஸ்கெல் ஒரு சாண்ட்விச்சைப் பாதி தின்றிருந்—”

[வேண்டாம். இங்கே சாண்ட்விச், அங்கே சாவு என்று எதிரெதிராக வைத்தால் எழுத்தாளருக்குக் கைதட்டல் கிடைக்கும், கார்வினுக்கு ஒன்றும் கிடைக்காது. அதோடு, கருவிகளுக்குப் பக்கத்தில் தின்ன விடமாட்டார்கள் என்று பிறகு அவரே சொன்னார்.]

“பாலைவனத்தின் மேல் செந்நிறச் சூரியன்—”

[எங்கள் ஊரில் சூரியன் தினமும் பாலைவனத்தின் மேல்தான் இருக்கிறது. அது செய்தியல்ல.]

“அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும்.”

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன். எந்தச் சத்தம் என்று விளக்க வேண்டும், விளக்குவது எனக்குப் பிடிக்கும். கோடையில் எங்கள் ஊரில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காருக்குள் உட்கார முடியாது, அவிந்துபோவோம். ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கார் ஏசியில் ஒரு கம்ப்ரஸர் உண்டு. உள்ளே சூடு ஏறினால் அது ‘டக்’ என்று எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். போதுமான குளிர் வந்ததும் ‘டக்’ என்று விலகிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒட்டும். கதவு திறக்காமல் இந்த டக்குகள் மட்டும் வந்துகொண்டே இருந்தால், காருக்குள் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ரெனாட்டா ஹாஸ்கெல் சமையலறையில் நின்று தினமும் இந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். காரில் இருந்தவர் அவருடைய கணவர் கார்வின். கார்வின் தளத்து வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வீடு வீடாகப் போய் ஏசி பழுதுபார்க்கிறார். ஆனாலும் சாயங்காலம் வாசலில் காரை நிறுத்தினால் இறங்குவதில்லை. உட்கார்ந்திருக்கும் நேரம் குறையவுமில்லை. கூடிக்கொண்டே வந்தது.

3

ரெனாட்டாவை நான் முதலில் பார்த்தது அரங்கின் வெளிக்கூடத்தில், பாப்கார்ன் வரிசைக்குப் பக்கத்தில்.

“ஓரத்துல ரெண்டு சீட்டு கிடைக்குமாங்க? என் வீட்டுக்காரனுக்கு நடுவுல உட்கார்ந்தா மூச்சு முட்டும்.”

“தர்றேன். படம் எதைப் பத்தினதுன்னு தெரியும்ல?”

“தெரிஞ்சுதான் வந்தோம். அவன் வாயத் திறந்து சொல்ல மாட்டேங்கிறான். படமாவது ஏதாச்சும் சொல்லுதான்னு பார்க்கலாம்னு.”

படம் பார்த்தவர்களுக்கு நாங்கள் ஒரு பரிசு அட்டையை வீட்டுக்கு அனுப்புவோம். முகவரி கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். கார்வின் தூரத்தில், தலையை அண்ணாந்து, கூரையில் இருந்த காற்று வரும் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த மாசத்துல இருந்து நான் பக்கத்து ஊர்ல, ஹெண்டர்சன்ல இருப்பேன். நான் மட்டும். ஒரு சின்ன அபார்ட்மென்ட். அவனுக்கு இன்னும் தெரியாது. அட்டைய பழைய வீட்டுக்கு அனுப்பிடுங்க, பரவால்ல. அவன் எடுத்துக்கட்டும்.” பிறகு, நான் எதுவும் கேட்காமலே, “சண்டையெல்லாம் இல்ல. சண்டை போடணும்னா ஆள் உள்ள வரணும்ல?” என்றார்.

[உங்கள் கையிலும் ஒரு குமிழ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்? எனக்குத் தெரியப்போவதில்லை. எழுத்தில் இருக்கும் வசதி இது. குறையும் இதுதான்.]

4

கார்வின் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். என் முதல் வரைவில் அவர் தாடையை இறுக்கிக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்தார். அதிகம் பேசவில்லை. கண்ணுக்குக் கீழே நிழல் இருந்தது. இந்த மாதிரிப் படங்களில் வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

நிஜமான கார்வின் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்: “உங்க தியேட்டர்ல ஏசி ஃபில்டர மாத்தி எவ்வளவு நாளாச்சு? காத்து இருமுது பாருங்க.”

“கார்வின், படம் பார்க்க வந்திருக்கோம்,” என்றார் ரெனாட்டா.

“படத்த மூச்சு விட்டுட்டேதான பார்க்கணும்?”

பேசுகிற ஆள், நகைச்சுவை தெரிந்த ஆள். அப்படியென்றால் காருக்குள் உட்கார்ந்திருப்பது யார்? இரண்டு பேரையும் ஒரே பெயரில் எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் மேலே எழுதுகிறேன்.

தளத்தில் அவருடைய வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் விமானம் ஓட்டியவர் அல்ல. அவர் பக்கத்து நாற்காலி. விமானத்தில் இருக்கும் கேமராவைத் திருப்புவதும், ஏவுகணைக்கு வழி காட்டும் ஒளிக்கற்றையை இலக்கின் மேலேயே ஆடாமல் பிடித்திருப்பதும் அந்த நாற்காலியின் வேலை. ஓட்டுகிறவர் பொத்தானை அழுத்தியதும் அவர் பங்கு முடிந்துவிடும். கேமராக்காரர் ஏவுகணை போய்ச் சேரும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. சேர்ந்த பிறகும் எடுக்கக் கூடாது. என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

படத்தில் வெடித்தவுடன் காட்சி மாறிவிட்டது. நாயகனின் முகம், பின்னணியில் வயலின். அங்கே தளத்துக் குடும்பங்களின் கோடுகள் நேராகப் போயின. தூக்கம்.

5

அந்தக் கார்க் காட்சி ஓடியபோது இயக்குநர் பிராடி என் அறையில், பின்னால் நின்று, ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“இப்ப பாரு செந்தா. எல்லாரும் அழப்போறாங்க.”

கோடுகள் விழுந்தன.

“மெஷின் போச்சா?”

“மெஷின் போனா ஒரு பக்கம் மட்டும் போகாது.”

“குண்டு விழுந்தப்பகூட இப்படி இறங்கலயேம்மா! ஒரு பொம்பள புருஷனுக்குக் காப்பி கொண்டுவந்தது அவ்வளவு பெரிய குத்தமா?”

எனக்குத் தெரியாததற்குப் பதில் சொல்லாமலிருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம். படம் முடிந்ததும் ஒரு டஜன் பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு வட்டமாக உட்காரவைத்தோம். பிராடி பின்வரிசையில் இருட்டில் உட்கார்ந்தார். இயக்குநர் இருக்கிறார் என்று தெரிந்தால் மக்கள் இனிமையாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கூட்டம் நடத்துவதில் எனக்கு ஒரே ஒரு விதி. ‘ஏன்’ என்று கேட்க மாட்டேன். ஏன் என்று கேட்டால் ஆட்கள் நல்லதாக ஒரு பதிலைத் தயார் செய்வார்கள். ‘எப்போது’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள்.

கஸ் டில்லரி முதலில் ஆரம்பித்தார். சூதாட்ட விடுதியில் சீட்டுப் போட்டு ஓய்வுபெற்றவர். நகரத்து ஆள்.

“எனக்குப் படம் பிடிச்சிருந்துச்சு. வெடி மட்டும் இன்னும் ரெண்டு வெச்சிருக்கலாம்.”

“உங்களுக்கென்ன, கேக்குறீங்க,” என்றார் லோர்னா. அவருடைய கணவர் இன்னும் தளத்தில் வேலை பார்க்கிறார். “வெடிக்கிற இடத்துல நீங்களா நிக்கிறீங்க?”

“ஆயுசு பூரா சீட்டு மேஜையில நின்னவன்மா நான். என் முன்னாடி வெடிக்காத ஆளே கிடையாது.”

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். “கார்க் காட்சியில குமிழை எப்போ திருப்பினீங்க?”

“அவ கதவுல கை வெச்சப்ப,” என்றார் லோர்னா உடனே. “ஐயோ, கதவத் தொறக்கவே கூடாதுங்க!” தளத்துப் பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

“ஏன் தொறக்கக் கூடாது?” இது கஸ். [விதி எனக்குத்தான், அவருக்கில்லை.]

“எங்களுக்குத் தளத்துல ஒரு வகுப்பு வெச்சாங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க வண்டியிலயே உட்கார்ந்திருந்தா விட்டுடுங்க, வரும்போது வரட்டும். கதவத் தட்டாதீங்க, போன் அடிக்காதீங்க, ஜன்னல்ல நின்னு எட்டிப் பாக்காதீங்கன்னு சொன்னாங்க. எங்க தெருவுக்கு சாயங்காலம் வந்து பாருங்க. வரிசையா கார் நிக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் இருப்பாங்க. யாரும் யாரையும் பாக்க மாட்டோம். பிட்சா கொண்டுவர்றவன்கூட சுத்திக்கிட்டுத்தான் போவான்.”

முதல் புதிர் தீர்ந்தது. நகரத்துக்காரர்களுக்கு அது அன்பு. அந்தத் தெருக்காரர்களுக்கு, அறுவை சிகிச்சை நடக்கும் அறைக்குள் யாரோ செருப்போடு நுழைவது. பின்வரிசையில் ஐஸ் கடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

“கதவுக்கு முன்னாடியே யாராவது திருப்பினீங்களா?”

எந்த இருக்கை என்று எனக்குத் தெரியும். ஆனால் இருக்கையைச் சொல்லக் கூடாது.

“நானும் கதவுலதான் திருப்பினேன்,” என்றார் ரெனாட்டா மெல்ல. “ஆனா அதுக்கு முன்னாடியே என் பக்கத்துல ‘டக்’னு ஒண்ணு கேட்டுச்சு. எனக்கு டக் சத்தமெல்லாம் நல்லாப் பழக்கம்.”

எல்லாரும் கார்வினைப் பார்த்தார்கள்.

“அந்த ஃபில்டர் விஷயம்…” என்றார் கார்வின்.

“கார்வின்.”

அவர் கையில் இல்லாத குமிழைத் திருப்புவது போல விரல்களைத் தேய்த்துக்கொண்டார். “கப்புதான். கப்பைப் பார்த்ததும் திருப்பிட்டேன்.”

“தெரியும்,” என்றார் ரெனாட்டா. “முதமுதல்ல நீ வண்டியில உட்கார்ந்திருந்தப்ப நான் காப்பி கொண்டு வந்தேன். என்னப் பார்த்ததும் ரிவர்ஸ் எடுத்துட்டுப் போயிட்ட. வாசல்ல கப்போட நின்னேன். சரி, வகுப்புல சொன்னது சரிதான் போலிருக்கு, நம்மாலதான் ஓடுறான்னு அதோட நிறுத்திட்டேன்.”

“உன்னால இல்ல.”

“வேற?”

6

[இந்த இடத்தில் ஒரு பெரிய வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால்தான் அவர் சொன்னது புரியும்.]

அந்தக் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டாம். அது சூட்டைப் பார்க்கிறது. சூடான எதுவும் வெள்ளையாகத் தெரியும், குளிர்ந்த எதுவும் கறுப்பாக. மனிதர்கள் வெள்ளை உருவங்கள், முகம் இருக்காது. இப்போதுதான் நின்ற கார், முன்பக்கம் மட்டும் வெள்ளை. ஒருவர் உட்கார்ந்து எழுந்த கல்லில்கூடக் கொஞ்ச நேரம் ஒரு வெளிறிய தடம் இருக்கும். எல்லாச் சூடும் மெல்ல மெல்லச் சுற்றியிருப்பதன் நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கேமராவைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமில்லை.

கார்வின் சொன்னது இது. என் குறுக்கீடு இல்லாமல் வைக்கிறேன்.

“ஒரு வீட்ட வாரக்கணக்கா பார்த்துட்டிருந்தோம். எந்த ஊருன்னு கேக்காதீங்க. சாயங்காலம் அந்த ஆள் வருவான், வீட்டு மதில் மேல உட்காருவான். உள்ளேருந்து ஒருத்தர், பொம்பளைன்னுதான் நெனைக்கிறேன், ஒரு சின்ன வெள்ளைப் புள்ளிய எடுத்துட்டு வருவாங்க. டீ கெட்டில். அவ்ளோ உசரத்துலருந்து பார்த்தா புள்ளிதான். பக்கத்துல வெச்சுட்டுப் போவாங்க. அவன் குடிப்பான். எனக்கு ஷிஃப்ட்டுல அந்த நேரம் பிடிக்கும். நானும் என் காப்பிய அப்ப ஒரு வாய் குடிச்சிக்கலாமான்னு தோணும். அங்க குடிக்க விடமாட்டாங்க, ஆனாலும் தோணும்.

“அப்புறம் ஒரு நாள், வீட்டுக்கு வெளியில, ரோட்டுல அவன… முடிச்சோம். ஒளிய நான்தான் பிடிச்சிருந்தேன். அதோட முடியல, வீட்டப் பார்த்துட்டே இருங்கன்னு உத்தரவு. யார் வர்றாங்க போறாங்கன்னு. சாயங்காலம் புள்ளி வெளிய வந்துச்சு. மதில் மேல வெச்சாங்க. மதில்ல யாருமில்ல. வெள்ளையா இருந்துச்சு, சாம்பலாச்சு, அப்புறம் கல்லோட கல்லா ஆயிடுச்சு. மறுநாளும் வந்துச்சு. அவன் செத்தத அவங்ககிட்ட யாரும் சொல்லாம விட்டுட்டாங்களா, சொல்லியும் வெச்சாங்களான்னு தெரியல. அவன் யாரு, என்ன பண்ணான்னெல்லாம் எங்கிட்ட சொல்ல மாட்டாங்க. டீ ஆறினது மட்டும் எனக்குத் தெரியும்.

“அந்த வாரம்தான் இவ கப்பு எடுத்துட்டு வந்தா.”

கஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இத ஏன்டா இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?” என்றார் ரெனாட்டா. “ஏன் உள்ளயே வர மாட்டேங்கிற?”

“எங்களுக்கும் ஒரு வகுப்பு வெச்சாங்க,” என்றார் கார்வின். “வண்டிய விட்டு இறங்கறதுக்கு முன்னாடி வேலைய வண்டியிலயே விட்டுடுங்க, வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்கன்னு. நாங்க எல்லாமே வரிசைப்படி செய்யறவங்க. ஒரு படி முடியலன்னா அடுத்த படிக்குப் போகக் கூடாது. நானும் விடத்தான் பார்க்கிறேன். முழுசா விட்டாத்தானே இறங்கணும்? முழுசா விட முடியல. அதான் உட்கார்ந்திருக்கேன்.”

“அப்போ பாதி விட்டுட்டு இறங்க வேண்டியதுதானேய்யா,” என்றார் கஸ்.

கார்வின் அவரைப் பார்த்தார். அந்த யோசனை அவருக்கு வந்ததேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கு மட்டுமல்ல, லோர்னாவின் வாயும் திறந்திருந்தது. ஒரே தளம், இரண்டு வகுப்புகள். வீட்டுக்குள் இருப்பவர்களை வெளியே போகாதீர்கள் என்றார்கள். வெளியே இருப்பவர்களை முடித்துவிட்டு உள்ளே போங்கள் என்றார்கள். இரண்டும் நல்ல அறிவுரைதான். இரண்டையும் அந்தத் தெரு முழுக்கப் பிசகாமல் கடைப்பிடித்தது.

“நான் நீ வர்றதுக்காகக் காத்துட்டிருந்தேன்,” என்றார் ரெனாட்டா. “நீ…”

“நான் அது முடியறதுக்காக.”

கார்வினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் ரெனாட்டா சொல்லிவிட்டார். “நான் ஹெண்டர்சன்ல ஒரு அபார்ட்மென்ட் பார்த்து வெச்சிருக்கேன். அடுத்த மாசம் போறதா இருந்தேன்.”

லோர்னா தரையைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த பேனாவை மூடினேன், திறந்தேன்.

கார்வின் அண்ணாந்து கூரையில் இருந்த காற்றுத் துளைகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அங்க ஏசி எப்படி?”

“ஜன்னல் ஏசி. கடகடன்னு ஒரே சத்தம்.”

“ஜன்னல் ஏசிக்காகவா என்ன விட்டுட்டுப் போற?”

ரெனாட்டா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று வட்டத்தில் எல்லாரும் குனிந்து பார்த்தோம். இரண்டும்தான். அந்த நேரத்தில் அறை முழுக்க ஒரு பெருமூச்சு போனது. கோடு போட்டுக் காட்ட அப்போது யார் கையிலும் குமிழ் இல்லை.

7

இனி முடிவு. நான் எழுதிப் பார்த்தவை:

(அ) அன்று சாயங்காலம் கார்வின் காரை நிறுத்துகிறார். தொலைபேசி ஒலிக்கிறது. தளத்திலிருந்து ஒரு குரல்: “ஹாஸ்கெல், அந்த வீட்டைப் பற்றி நீ பேசியிருக்கக் கூ—”

[பரபரப்பு. பிராடிக்குப் பிடிக்கும். அப்படி யாரும் கூப்பிடவில்லை.]

(ஆ) ரெனாட்டா ஹெண்டர்சன் போய்விடுகிறார். காலி வாசலில் கம்ப்ரஸர் சத்தம் மட்டும்.

[எழுதும்போது அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்பதற்காக இரண்டு பேரைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.]

(இ) கார்வின் காரிலிருந்து இறங்கி ஓடுகிறார், ரெனாட்டா வீட்டிலிருந்து ஓடி வருகிறார், புல்தரையில்—

[எங்கள் ஊரில் புல்தரை கிடையாது, சரளைக்கல்தான். ஓடினால் வழுக்கும்.]

(ஈ) மதில் மேல் கெட்டிலை வைத்தவரின் கதை.

இதை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு நான் ஒரு பெயர் கொடுத்தேன், ஒரு அடுப்பு கொடுத்தேன், பேச ஒரு பக்கத்து வீட்டுக்காரியைக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அழித்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வெகு உயரத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்ன ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தக் கேமராவைப் போலவே எனக்கும் அவர் முகம் தெரியவில்லை. இந்தக் கதையில் நிம்மதி கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அவருக்குக் கிடைத்ததா என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அந்த முடிவு என்னிடம் இல்லை. உங்களுக்குக் கொடுக்கவும் அது என்னுடையதல்ல.

மற்றவர்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். பிராடி படத்தை வெட்டி ஒட்டும் அறைக்குத் திரும்பிப் போனார். வெடித்ததும் முகத்துக்குத் தாவாமல், மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்படி காட்சியை நீட்டினார். கார்க் காட்சியில் மனைவி வெளியே வருவதில்லை. சமையலறையில் குழாயை நிறுத்திவிட்டு நிற்கிறாள், வாசல் விளக்கைப் போடுகிறாள். மறுபடி காட்டியபோது இரண்டு பக்கக் கோடுகளும் சேர்ந்தே ஏறின. “ஒரு விளக்கப் போட்டதுக்கா!” என்றார் பிராடி. ஐஸ் கட்டியை விழுங்கிவிட்டார், முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

விளக்கு அவருடைய யோசனையல்ல. ரெனாட்டாவுடையது. இந்தக் கதையை எழுத அனுமதி கேட்க அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டபோதுதான், விளக்கை வைத்து அவரும் கார்வினும் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். பிராடிக்கு அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், ரெனாட்டாவைக் கேட்டுவிட்டு.

“எந்த மொழியில எழுதுறீங்க?”

“தமிழ்ல.”

“அப்பாடா. எங்க தெருவுல ஒருத்தரும் படிக்க மாட்டாங்க.” பிறகு, “என்னைய ரொம்ப நல்லவளா எழுதாதீங்க. கப்போட நின்ன அன்னைக்கு அவன நல்லாத் திட்டினேன். அதையும் போடுங்க” என்றார். போட்டுவிட்டேன்.

“ஹெண்டர்சன்?”

“வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த ஜன்னல் ஏசிய இவன் போய்ப் பார்த்தான். ‘இதுல நீ தூங்கவே முடியாது’ன்னு சொல்லிட்டு, அப்புறம் வர்றவங்களுக்காகச் சும்மா சரிபண்ணிக் குடுத்துட்டு வந்துட்டான்.”

இப்போதும் கார்வின் சில நாட்கள் காரில் உட்காருகிறார். எல்லா நாளும் அல்ல. காருக்குள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது, அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும்.

வாசலில் கம்ப்ரஸர் சத்தம் கேட்டதும் ரெனாட்டா வெளிவிளக்கைப் போடுவார். விளக்கு எரிந்தால், பாதிதான் விட்டிருந்தாலும் உள்ளே வரலாம் என்று அர்த்தம். வர முடியவில்லை என்றால் கார்வின் வண்டியின் முன்விளக்கை ஒருமுறை சிமிட்டுவார். அப்போது ரெனாட்டா வெறும் கையோடு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்காருவார். காப்பியை முன்கூட்டியே ஃப்ளாஸ்கில் ஊற்றி, மூடி, சமையலறை மேஜையில் வைத்திருப்பார். அவர்கள் எப்போது உள்ளே போனாலும் அது சூடாகவே இருக்கும்.